கிராபினா: ஒன்பது அடுக்குக் குன்று

வீடு கட்ட மணல் வேண்டுமென்றால் கிராபினா ஊர்க்காரர்கள் அதைத் தேடி அலையவில்லை. ஊரை ஒட்டிய ஹுஷ்னியாகோவோ குன்றின் சரிவில், மணற்பாறை முகத்துக்கு அடியில், வேண்டிய மட்டும் மணல் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மண்வெட்டியும் வண்டியுமாக வந்து அள்ளிப் போனார்கள். மணலோடு எலும்புத் துண்டும் பல்லும் வரும். கண்ணில் பட்டதை யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். படாதது சாந்தில் கலந்து ஏதோ ஒரு சுவருக்குள் போயிருக்கும். 1895-இல் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் வழியாக அப்படிப்பட்ட விலங்கெலும்புகள் சில ஸாக்ரெப் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டவர் டிராகுட்டின் கோரியானோவிச்-கிராம்பெர்கர். நிலவியல் பேராசிரியர், புதைபடிவ மீன்களில் பெயர் எடுத்தவர். அவர் உடனே கிளம்பிவிடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1899 ஆகஸ்ட் 23 அன்றுதான் கிராபினாவில் வந்து இறங்கினார். மணல் வெட்டி வெட்டிக் குன்றின் பக்கம் செங்குத்தாக நறுக்கிவிட்டது போல நின்றது. மணல் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. நடுநடுவே கரியும் சாம்பலும் படிந்த கறுப்புப் பட்டைகள், உடைத்துச் செதுக்கிய கற்சில்லுகள், விலங்கெலும்புகள். அவற்றுக்கிடையே ஒரு மனிதக் கடைவாய்ப் பல்.

மணல் வெட்டு அதோடு நின்றது. செப்டம்பர் தொடக்கத்தில், உதவியாளர் ஸ்டியேபான் ஓஸ்டெர்மானின் துணையோடு அகழ்வு தொடங்கி, விட்டுவிட்டு 1905 வரை நடந்தது. முடிவில் மேசைக்கு வந்தவை: 900-ஐ நெருங்கும் மனித எலும்புத் துண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கருவிகள், அவற்றையும் மிஞ்சும் எண்ணிக்கையில் விலங்கெலும்புகள். நியாண்டர்தால் மனிதரின் எலும்புகள் ஒரே இடத்தில் இத்தனை அதற்கு முன் எங்கும் கிடைத்ததில்லை.

ஏன் இந்த ஊரில்? பதில் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

குரோஷியா என்றதும் அட்ரியாட்டிக் கடலும் தீவுகளும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும்தான் பலர் நினைவுக்கு வரும். கிராபினா அந்தக் குரோஷியா இல்லை. நாட்டின் வடமேற்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லைக்குப் பக்கத்தில், தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஹிர்வாட்ஸ்கோ ஸாகோரியே என்ற இந்த வட்டாரம் முழுக்கச் சிறு குன்றுகள். குன்றுக்கு ஒரு திராட்சைத் தோட்டம், மேட்டுக்கு ஒரு தேவாலயம், தாழ்வில் சோளக்காடு. ஸ்ட்ராஹின்ஷ்சிட்சா, இவான்ஷ்சிட்சா என இரண்டு மலைகள் மட்டும் தலை தூக்கி நிற்கின்றன. முன்னது 846 மீட்டர். பின்னது ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும். ஊரோ கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தில், கிராபினிட்சா என்னும் ஓடையின் குறுகிய பள்ளத்தாக்கில் நீளவாக்கில் படுத்திருக்கிறது. சுற்றுக் கிராமங்களைச் சேர்த்தாலும் மக்கள்தொகை 12,000 அளவில்தான். அட்ரியாட்டிக் கடல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் இந்த ஓடையின் தண்ணீர் அங்கே போவதில்லை. கிராபினா ஆற்றில் விழுந்து, அது சாவாவில் கலந்து, சாவா டான்யூபில் சேர்ந்து, கடைசியில் கருங்கடலுக்குப் போகிறது. ஐரோப்பாவின் பாதியைச் சுற்றிக்கொண்டு போகும் பயணம்.

ஒரு காலத்தில் இங்கேயே கடல் இருந்தது. மயோசீன் காலத்தில், இன்றைக்கு 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1 கோடிச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஆல்ப்ஸ் மலைக்குக் கிழக்கே பாராடெத்திஸ் என்ற உள்நாட்டுக் கடல் பரந்து கிடந்தது. ஏறியது, வற்றியது, மறுபடி ஏறியது. ஸாகோரியேயின் மணற்பாறையும் களிக்கல்லும் பெரும்பாலும் அதன் அடித்தட்டில் படிந்தவை. கிராபினாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ராடோபோய் கிராமத்தில் கந்தகச் சுரங்கம் இருந்தது. அங்கே வெட்டியெடுத்த பாறைப் பலகைகளில் பூச்சிகளும் இலைகளும் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. ஸ்விட்சர்லாந்தின் ஓஸ்வால்ட் ஹேயர் 1847 முதல் 1853 வரை வெளியிட்ட புகழ்பெற்ற பூச்சிப் புதைபடிவ நூலின் தலைப்பிலேயே ராடோபோயின் பெயர் உண்டு. ஆக, கோரியானோவிச் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஐரோப்பிய அறிவியலுக்கு இந்த வட்டாரம் அறிமுகம்தான். ஆனால் பூச்சிகளுக்காக.

அதே மயோசீனில் எரிமலைகளும் வெடித்தன. சாம்பல் படிந்து இறுகி டஃப் என்ற பாறையானது. அந்தப் பாறையின் உருளைக் கற்களை ஓடைகள் உருட்டிக்கொண்டு வந்து கரையில் போட்டன. பின்னாளில் நியாண்டர்தால்கள் கருவி செதுக்கக் குனிந்து பொறுக்கியது பெரும்பாலும் இவற்றைத்தான். நல்ல கல்லுக்காக அவர்கள் வெகுதூரம் நடந்ததாகத் தெரியவில்லை. வீட்டு வாசலில் கிடைத்ததை வைத்தே வேலையை முடித்திருக்கிறார்கள்.

இனி குன்று. மணற்பாறை பிடிவாதமில்லாத பாறை. சுமார் 1,30,000 ஆண்டுகளுக்கு முன் கிராபினிட்சா ஓடை இன்று ஓடும் மட்டத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பும்போது குன்றின் அடிப்பாகத்தை அரித்து உட்குழிவாக்கியது. மேலே பாறைக்கூரை, கீழே ஓடைக்கரை. மழைக்கு ஒதுங்க ஆகும், காற்றுக்கு மறைப்பாகும், எதிரே தண்ணீர். பிறகு ஓடை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் படுகையை ஆழமாக்கிக்கொண்டு கீழே இறங்கியது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் இறங்க 5,000 ஆண்டு. குழிவு ஓடையை விட்டு விலகி மேலே நின்றுவிட்டதால் வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு போகவில்லை. மாறாக, கூரையும் சுவரும் உதிர்ந்த மணலே உள்ளே விழுந்து, தங்கியவர்கள் விட்டுச்சென்றதையெல்லாம் மூடியது. இப்படி எட்டு மீட்டர் அளவுக்கு நிரம்பியது. ஓடை இறங்காமல் அதே மட்டத்தில் இருந்திருந்தால், இரண்டு மூன்று பெருவெள்ளம் போதும்; இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

இந்த எட்டு மீட்டரை கோரியானோவிச் ஒன்பது அடுக்குகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று குறித்தார். இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்குத் தோன்றும். அந்தக் காலத்து அகழ்வாளர்களில் பலர் மண்டையோடு கிடைத்தால் துள்ளுவார்கள், விரலெலும்புச் சில்லு கிடைத்தால் மண்ணோடு தள்ளிவிடுவார்கள். இவர் எதையும் தள்ளவில்லை. நகம், சில்லு, ஒடிந்த விலா, விலங்கின் பல், பெயர் தெரியாத துணுக்கு என எல்லாம் பெட்டியில் ஏறின. இன்றைய அளவுகோலில் அவர் எடுத்த குறிப்புகள் போதாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான குறைதான். ஆனாலும் கிராபினாவைப் பற்றிக் கடந்த 40 ஆண்டுகளில் வெளிவந்த ஒவ்வொரு புதுச் செய்தியும் புது அகழ்விலிருந்து வரவில்லை, அவர் கட்டி வைத்த பெட்டிகளிலிருந்துதான் வந்தது.

அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் வேறு. ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் முதல் எலும்புகள் 1856-இல் கிடைத்தன; தற்செயலாக கோரியானோவிச் பிறந்ததும் அதே ஆண்டு. அந்த மண்டையோட்டைப் பார்த்த பெர்லினின் பெரும் மருத்துவர் ருடோல்ஃப் விர்ஷோ, இது ஆதிமனிதன் அல்ல, நோயால் எலும்பு கோணிப்போன சாதாரண மனிதன் என்றார். விர்ஷோ சொன்னால் மறுபேச்சு கிடையாது என்றிருந்த காலம். கிராபினா எலும்புகள் அந்த வாதத்தை எண்ணிக்கையாலேயே சாய்த்தன. ஒருவருக்கு எலும்பு நோய் வரலாம். குழந்தை முதல் பெரியவர் வரை டஜன் கணக்கானோருக்கு ஒரே மாதிரிப் புருவமேடும் ஒரே மாதிரித் தாடையும் நோயாலா வரும்?

மனித எலும்பும் காண்டாமிருக எலும்பும் ஒரே காலத்தவை என்று எப்படி நிறுவுவது என்பது அடுத்த கேள்வி. பிற்காலத்துப் பிணத்தை யாரோ பழைய மண்ணில் புதைத்திருக்கலாமே. இங்கே கோரியானோவிச் ஒரு வேதியியல் தந்திரத்தைக் கையில் எடுத்தார். மண்ணில் கிடக்கும் எலும்பு, நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஒரே மண்ணில், ஒரே காலம் கிடந்த எலும்புகளில் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்த்ததில் கிராபினாவின் மனித எலும்பும் மெர்க் காண்டாமிருகம் என்ற அழிந்துபோன இனத்தின் எலும்பும் ஒத்துப்போயின. இதே சோதனையைத்தான் அரை நூற்றாண்டு கழித்து கென்னத் ஓக்லி இங்கிலாந்தின் பில்ட்டவுன் எலும்புகளில் செய்தார். 1953-இல் அந்த மாபெரும் மோசடி உடைந்தது. எக்ஸ்-கதிரை ரோண்ட்கன் கண்டுபிடித்து ஏழே ஆண்டுகளில், 1902 வாக்கில், புதைபடிவத் தாடைகளை அந்தக் கதிரில் படமெடுத்துப் பல்வேரின் உள்ளமைப்பைப் பார்த்த முன்னோடிகளிலும் கோரியானோவிச் ஒருவர். கடைவாய்ப் பற்களின் கூழ்அறை நம்முடையதைவிட ஆழமாக, பெரிதாக இருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 1906-இல் எல்லாவற்றையும் தொகுத்து ஜெர்மன் மொழியில் தனிநூலாக வெளியிட்டார்.

அவரால் சொல்ல முடியாமல் போன ஒன்று, வயது. அது 1995-இல்தான் கிடைத்தது. பல்லின் எனாமல் படிகத்தால் ஆனது. சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கம் அந்தப் படிகத்தில் எலெக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைத்துக்கொண்டே போகும். சிறைப்பட்டவற்றை எலெக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு முறையில் அளந்தால் பல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று தெரியும். கனடாவின் ஹென்றி ஷ்வார்ட்ஸும் ஜாக் ரிங்க்கும், ஃப்ரெட் ஸ்மித், யாகோவ் ராடோவ்சிச் ஆகியோரோடு சேர்ந்து அளந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட விடை: 1,30,000 ஆண்டுகள், 10,000 கூடவோ குறையவோ. கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெதுவெதுப்பான இடைக்காலம் அது. நியாண்டர்தால் என்றதும் பனிப்புயலில் கம்பளி யானையைத் துரத்தும் உருவத்தை மனத்தில் வரைந்துகொள்ளும் வழக்கம் நமக்கு. கிராபினாக்காரர்கள் கண்டது காடும் அணை கட்டும் பீவரும் காண்டாமிருகமும் குகைக்கரடியும் உள்ள, ஏறக்குறைய இன்றைய குரோஷியா போன்ற தட்பவெப்பம் கொண்ட நிலம்.

எத்தனை பேர்? குறைந்தபட்சம் இரண்டு டஜன் என்பார் உண்டு. பற்களை மட்டும் எண்ணி 80 வரை போவாரும் உண்டு. எலும்புகள் அவ்வளவு நொறுங்கியிருக்கின்றன. 40 வயதைத் தாண்டியவர்கள் அவர்களில் இருந்ததாகத் தெரியவில்லை, பெரும்பாலானோர் இளவயதினர்.

நொறுங்கிய எலும்பு, கருகிய எலும்பு, கல்லால் கீறிய தடம். மூன்றையும் சேர்த்துப் பார்த்த கோரியானோவிச், இவர்கள் நரமாமிசம் தின்றவர்கள் என்று முடிவு கட்டினார். செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஹெர்மன் கிளாட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், இரு மனித இனங்களுக்கிடையே இங்கே போர் நடந்து தோற்றவர்களைத் தின்றார்கள் என்றே கதை கட்டினார். இரண்டாம் இனம் ஒன்று கிராபினாவில் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. ஆனால் ‘கிராபினாப் போர்’ என்ற பெயர் சில காலம் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

1980-களில் அதே எலும்புகள் வேறு கண்களுக்கு முன் வந்தன. எரிக் டிரிங்காஸ் உடலின் எந்தெந்த எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். அந்த விகிதம் பிணம் புதைத்த இடங்களின் விகிதத்தோடு பொருந்தியது. முறிவுகளில் பல, கூரைப்பாறை சரிந்து விழுந்ததாலோ மண்ணின் அழுத்தத்தாலோ வந்திருக்கலாம் என்றார். மேரி ரசல் கீறல்களை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம், இறைச்சிக்காக வெட்டிய விலங்குகளின் எலும்புகள். மறு பக்கம், இறந்தவர் உடல் உலர்ந்தபின் எலும்பைச் சுத்தம் செய்து மறுபடி புதைக்கும் வழக்கமுள்ள அமெரிக்கப் பூர்வகுடிகளின் எலும்புக்குழி. கசாப்புக்காரர் மூட்டை வெட்டிப் பிரிப்பார். எலும்பைச் சுத்தம் செய்பவர் நீளவாட்டில் சுரண்டுவார். கிராபினாவின் தடங்கள் இரண்டாவதை ஒத்திருந்தன. கிராபினா 3 என்று எண்ணிட்ட, ஓரளவு முழுமையாகக் கிடைத்த மண்டையோட்டின் நெற்றியில் 35 கீறல்கள் ஏறக்குறைய இணைகோடுகளாக வரிசையாக ஏறுகின்றன. தோல் உரிக்க இப்படிக் கீற வேண்டியதில்லை, சதை எடுக்கவும் வேண்டியதில்லை. டேவிட் ஃப்ரேயரும் உடனாய்வாளர்களும் இதை ஏதோ சடங்கின் தடம் என்று வாசிக்கிறார்கள். நரமாமிசக் கட்சி முழுவதும் ஓய்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. ஐரோப்பாவின் வேறு சில நியாண்டர்தால் இடங்களில் மனிதரை மனிதர் தின்றதற்கு ஐயமில்லாத சான்று இருப்பதால், கிராபினாவிலும் அப்படித்தான் என்று சாய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பை மட்டும் பார்த்துச் சொல்வதானால், சடங்கின் பக்கமே தராசு தாழ்கிறது.

அவர்கள் வாழ்ந்த விதத்தைப் பற்றிப் பற்கள் அதிகம் பேசுகின்றன. 280 அளவில் பற்கள் கிடைத்திருக்கின்றன. இறைச்சியையோ தோலையோ முன்பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டு கல்கத்தியால் அறுக்கும்போது கத்தி தவறி எனாமலில் கீறும். கீறலின் சாய்வைப் பார்த்தே பிடித்த கை வலதா இடதா என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் வலதுதான், நம்மைப் போலவே. ஒருவருடைய இடப்பக்கக் கடைவாயில் ஒரு பல் முளைக்க வேண்டிய இடத்தில் முளைக்காமல் கோணலாக உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிய பற்களில் குச்சி போன்ற எதையோ விட்டு மீண்டும் மீண்டும் குடைந்ததால் விழுந்த பள்ளங்கள் உள்ளன. வலி தாங்காமல் தானே வைத்தியம் பார்த்திருக்கிறார். 2013-இல் ஒரு விலா எலும்புத் துண்டை எக்ஸ்-கதிரிலும் சி.டி. ஸ்கேனிலும் பார்த்தபோது உள்ளே கட்டி இருந்தது: ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, இன்றைய எலும்பு மருத்துவர்கள் வழக்கமாகக் காணும் நோய். 1,20,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சில்லு அது. வேறு யாராவது தோண்டியிருந்தால் மண்ணோடு போயிருக்கும்.

பெட்டிகளிலிருந்து கிளம்பியவற்றில் எல்லோரையும் வாயடைக்க வைத்தது கழுகின் நகங்கள். ஸாக்ரெப்பிலுள்ள குரோஷிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிராபினாத் தொகுப்பின் பொறுப்பை ஏற்ற டாவோர்கா ராடோவ்சிச், எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது பறவை எலும்புகளில் எட்டு நகங்களும் ஒரு விரலெலும்பும் கண்ணில் பட்டன. வெள்ளைவால் கடற்கழுகின் நகங்கள். குறைந்தது மூன்று பறவைகளுக்குரியவை. கழுகின் நகம் ஒரு ஆளின் பெருவிரல் நீளத்துக்கு வளைந்து, நுனி ஊசியாக இருக்கும். இவற்றில் நான்கில் கல்கத்தியால் வெட்டிய கோடுகள். அந்தக் கோடுகளின் விளிம்பு கூர்மையாக இல்லை, தேய்ந்து மழுங்கியிருந்தது. வெட்டியபின் அதன்மேல் ஏதோ நெடுநாள் உரசியிருக்கிறது. நகங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் பக்கங்களிலும் பளபளப்பு ஏறியிருந்தது. சேர்த்துக் கோத்துக் கழுத்திலோ கையிலோ அணிந்திருந்தால்தான் இப்படி ஆகும். 2015 மார்ச்சில் ‘பிளாஸ் ஒன்’ இதழில் கட்டுரை வந்தது. நம் இனத்தார் ஐரோப்பாவுக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த நகை. பார்த்துக் காப்பியடிக்க அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. 2020-இல் ஒரு நகத்தை அகச்சிவப்பு ஒளிக்கற்றையில் ஆராய்ந்தபோது வெட்டுக்கோட்டின் அருகே ஒட்டியிருந்த மெல்லிய இழை ஒன்றும் நிறமித் தடங்களும் தெரிந்தன. இழை விலங்கிலிருந்து எடுத்தது. கோத்த நாராக இருக்க வேண்டும்.

அந்த மக்களுக்குப் பிறகு குன்றின் கதை நெடுங்காலம் மௌனம். எழுத்தில் கிராபினா தலைகாட்டுவது 1193-இல். அப்போதே மேலே ஒரு கோட்டை இருந்தது. காரணம் மறுபடியும் பள்ளத்தாக்குதான்: ஸாக்ரெப் பக்கத்திலிருந்து வடக்கே ஸ்லோவேனிய ஊர்களுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போகும் வழி இந்தக் குறுகிய இடைவெளியில்தான் நுழைகிறது. மேலே நின்றால் போகிற வருகிற வண்டியை எண்ணலாம், சுங்கம் கேட்கலாம். இன்று ஸாக்ரெப்பிலிருந்து மாட்ஸெல் எல்லை நோக்கி ஓடும் ஏ2 நெடுஞ்சாலையும் அதே வழியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. 1347-இல் ஹங்கேரி-குரோஷிய மன்னர் முதலாம் லாயோஷ் ஊருக்கு அரசரின் நேரடி ஆளுகையிலான சுதந்திரச் சந்தையூர் என்ற உரிமையைத் தந்தார். பிறகு ஸாகோரியே முழுக்க ஸெல்யே பிரபுக்களின் கைக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் ஃப்ரெடரிக்கின் மனைவி எலிசபெத் ஃபிராங்கோபன் 1422-இல் கிராபினாவில் கொலையுண்டு கிடந்தார். கணவர் வெரோனிகா என்ற பெண்ணை மணக்க விரும்பியதே காரணம் என்று ஊர் பேசியது. பின்னர் அந்த வெரோனிகாவை ஃப்ரெடரிக்கின் தந்தை ஹெர்மன் கொல்லச் செய்தார். நாடகமாகவும் நாவலாகவும் இது பலமுறை எழுதப்பட்டாயிற்று. இங்கே இவ்வளவு போதும்.

ஊர்க்காரர்களுக்கு இன்னும் பிடித்த கதை ஒன்று உண்டு. மூன்று குன்றுகளில் மூன்று கோட்டைகள். செஹ், லெஹ், மெஹ் என்று மூன்று அண்ணன் தம்பிகள். வில்லினா என்று ஒரு தங்கை. ரோமானியரை விரட்ட அண்ணன்மார் திட்டம் போட, ரோமானியத் தலைவன் மேல் காதல் கொண்ட தங்கை அதைப் போட்டுக்கொடுத்துவிடுகிறாள். தப்பி வடக்கே ஓடிய மூவரில் முதல்வன் செக் நாட்டையும் இரண்டாமவன் போலந்தையும் மூன்றாமவன் ரஷ்யாவையும் நிறுவினானாம். வரலாற்றில் இதற்கு நிழல்கூட இல்லை. ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த கிராபினா மருந்துக்கடைக்காரரின் மகன் லுடெவிட் காய், 1826-இல், பதின்பருவத்திலேயே, கிராபினாவின் கோட்டைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் சிறுநூல் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் அவர் வகுத்த எழுத்துச் சீர்திருத்தம்தான் குரோஷிய மொழி இன்று எழுதப்படும் முறைக்கு அடித்தளம். ஸ்லாவ் இனங்கள் எல்லாம் ஒரு தாய் மக்கள் என்ற அவருடைய நம்பிக்கைக்கு அந்த மூன்று அண்ணன் தம்பிகள் வசதியான முன்னோர்.

முன்னோரைத் தேடுவதானால் ஸாகோரியே கொடுக்கும் நிஜமான விடை இன்னும் அகலமானது. கிராபினாவுக்கு வடகிழக்கே, நேர்கோட்டில் 25 கிலோமீட்டருக்குள், விண்டியா என்றொரு குகை. கிராபினாவின் மனிதர்களுக்கு ஏறத்தாழ 80,000 ஆண்டு பிற்பட்ட நியாண்டர்தால்கள் அங்கே வாழ்ந்தார்கள். 2010-இல் ஸ்வாந்தே பேபோவின் குழு முதல் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வாசித்தது முக்கியமாக இந்தக் குகையின் மூன்று எலும்புத் துண்டுகளிலிருந்துதான். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோரிடமும் சுமார் 2 விழுக்காடு நியாண்டர்தால் மரபணு இருப்பது அப்போது தெரிந்தது. தமிழர்களும் அதில் அடக்கம். 2020 செப்டம்பரில் பேபோவும் ஹியூகோ ஸீபெர்கும் இன்னொன்றைக் கண்டார்கள். கொரோனா தொற்று முற்றி மருத்துவமனையில் சேரும் ஆபத்தைக் கூட்டும் மரபணுத் துண்டு ஒன்று மனிதரின் 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. விண்டியா எலும்பில் உள்ளதோடு மிக நெருங்கிப் பொருந்துகிறது. ஐரோப்பியரில் சுமார் 16 விழுக்காட்டினரிடம் உள்ள அந்தத் துண்டு தெற்காசியரில் சுமார் பாதிப் பேரிடம் இருக்கிறது. கிழக்காசியாவில் ஏறக்குறைய இல்லவே இல்லை. தெற்காசியாவில் ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு, பழைய காலத்தின் வேறு ஏதோ நோயிலிருந்து அது காப்பாற்றியிருக்கலாம் என்பது வரை ஊகங்கள் உண்டு.

கிராபினாவின் குழிவு இன்றும் இருக்கிறது. அதன் அருகே சரிவுக்குள் புதைத்துக் கட்டிய நியாண்டர்தால் அருங்காட்சியகம் 2010 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அசல் எலும்புகள் ஸாக்ரெப்பில். இங்கே வார்ப்புகளும் எலிசபெத் டேனெஸ் வடித்த உயிரோட்டமான உருவங்களும். இப்போது ஆய்வுலகில் வலுப்பெற்றுவரும் முறை, எலும்பே இல்லாத குகை மண்ணிலிருந்து பழைய மரபணுவைப் பிரித்தெடுப்பது. ஒரு கரண்டி மண் போதும். யார் எந்த அடுக்கில் வாழ்ந்தார் என்று கேட்கலாம். கிராபினாவுக்கு இந்தச் சோதனை வாய்ப்பது கடினம். எலும்பு, கல், சில்லு என எல்லாவற்றையும் பத்திரப்படுத்திய கோரியானோவிச், எட்டு மீட்டர் மண்ணையும் 1905-க்குள் ஏறக்குறைய முழுவதுமாக வெளியேற்றிவிட்டார். அந்த நாளில் மண்ணுக்குள் படிக்க எதுவும் இருக்கும் என்று எவருக்கும் தெரியாது.